வீட்டிலேயே சாயமேற்றுதல்: இழையும் ஊன்றியும் நிறமும்

சாயமேற்றுதல் என்பது துணியின்மேல் வண்ணம் பூசுவதன்று. பூச்சு இழையின் மேற்பரப்பில் படிந்து, தேய்க்கத் தேய்க்க உதிரும்; சாயமோ நீரில் கரைந்து இழைக்குள் நுழைந்து, அங்கேயே ஏதேனும் ஒரு வகையில் பற்றிக்கொண்டு, மீண்டும் நீரில் இடப்படும்போது வெளியேறாமல் நிற்கவேண்டும். ஆகவே ஒரு நிறம் நிலைக்குமா, வெளுக்குமா என்பதைச் சாயம் செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்ற வேறுபாடு முடிவு செய்வதில்லை. இழைக்கும் சாயத்துக்கும் இடையே பிணைப்பு ஏற்படுகிறதா என்பதே முடிவு செய்கிறது.

வரலாறும் இதற்குச் சான்றாகும். 1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பெர்க்கின் கொயினா மருந்தைச் செயற்கையாக உண்டாக்க முயன்றபோது ஊதா நிறப் பொருள் ஒன்று கிடைத்ததிலிருந்து செயற்கைச் சாயத் தொழில் தொடங்குகிறது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்த சாயவேரில் உள்ள அலிசரின் என்னும் பொருள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவுரி இலையிலிருந்து எடுத்த நீலத்திலும் ஆலையில் செய்த நீலத்திலும் நிறம் தரும் மூலக்கூறு ஒன்றே என்பதால், இரண்டையும் துணியில் ஏற்றும் முறையும் ஒன்றே. இவ்வியல் இந்தக் காரணம் பற்றியே இழையில் தொடங்கி, சாயத்தை இழையோடு பிணைக்கும் ஊன்றிக்குச் சென்று, அதன் பின்னரே சாயத்துக்கு வருகிறது.

இழையை இனங்காணுதல்

வீட்டில் கையாளப்படும் இழைகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். பருத்தி, லினன், சணல், விஸ்கோஸ் ஆகியவை செல்லுலோஸ் இழைகள். பட்டும் கம்பளியும் புரத இழைகள். பாலியெஸ்டர், அக்ரிலிக் முதலியவை செயற்கை இழைகள். நைலான் செயற்கை இழையே எனினும் சாயத்தைப் பொறுத்தவரை புரத இழைகளைப் போலவே நடந்துகொள்ளும். கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பாமல், ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தீயில் காட்டிப் பார்ப்பது நல்லது. பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் விரைந்து எரிந்து, மெல்லிய சாம்பலை விட்டுச்செல்லும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்துடன் சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியபின் நசுங்காத கெட்டி மணியாக நிற்கும்.

பாலியெஸ்டருக்கு உரிய சாயம், அழுத்தக் கலனில் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் முழுமையாக ஏறும் என்பதால் அது வீட்டு வேலைக்கு உகந்ததன்று. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணியில் பருத்திப் பங்கு மட்டுமே நிறம் பெறுவதால் வெளிறிய சாயலே கிடைக்கும். தைத்து முடித்த பருத்திச் சட்டையைச் சாயத்தில் முக்கினால், துணி முழுவதும் அடர்நீலமாகி, தையல் மட்டும் வெள்ளைக் கோடாக எடுத்துக்காட்டுவதற்குக் காரணமும் தையல் நூல் பாலியெஸ்டராக இருப்பதே.

பாத்திரமும் எடையும்

எவர்சில்வர் பாத்திரமோ, சிராய்ப்பில்லாத எனாமல் பாத்திரமோ சாயத்துக்கு ஏற்றது. இரும்பும் அலுமினியமும் சாயநீருடன் வினைபுரிந்து நிறத்தை மாற்றிவிடும். சாயத்துக்கென ஒதுக்கிய பாத்திரம், கரண்டி, வடிதுணி ஆகியவற்றை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. கையுறை கட்டாயம் வேண்டும். பொடியை அளக்கும்போது முகக்கவசமும் வேண்டும், ஏனெனில் ரியாக்டிவ் வகைச் சாயப்பொடியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு மூச்சுக்குழல் ஒவ்வாமை வரக்கூடும்.

எல்லா அளவுகளும் உலர்ந்த துணியின் எடையையே அடிப்படையாகக் கொண்டவை. சாயம் 2 சதவீதம் என்றால், 100 கிராம் துணிக்கு 2 கிராம் பொடி என்று பொருள். நீரின் அளவைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ அந்த 2 கிராம் மாறாது. எனினும் துணி நெருக்கமின்றிப் புரளும் அளவுக்கு, அதாவது துணி எடையைப்போல் 20 முதல் 30 மடங்கு நீர் இருந்தால்தான் நிறம் திட்டுத் திட்டாகாமல் ஒரே சீராக ஏறும்.

நூலாக இருந்தால் அதை உருண்டையாகவோ கண்டாகவோ சாயத்தில் இடக்கூடாது. கழியாகச் சுற்றி, மூன்று நான்கு இடங்களில் பருத்தி நூலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டவேண்டும். கட்டு இறுகினால் அவ்விடத்தில் சாயம் புகாமல் வெள்ளைப் புள்ளி விழும், கட்டே இல்லாவிட்டால் சிக்கல் விழும். ஆகையால் கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழையும் அளவே சரியான அளவாகும்.

அழுக்கும் கஞ்சியும் நீக்குதல்

பளிச்சென்று வெண்மையாகத் தோன்றும் புதுத்துணியிலும் கஞ்சிப் பசை, மெழுகு, எண்ணெய் ஆகியவை இருக்கும். பருத்தியை 100 கிராமுக்கு 2 கிராம் சோடா சாம்பலும் சிறிது சோப்பும் கரைத்த நீரில் இட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால், நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவதைக் காணலாம். அத்தனையும் இழையிலிருந்து வெளியேறிய கசடே. அலசி உலர்த்திய துணியின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உடனே உறிஞ்சப்படவேண்டும். முத்துப்போல் உருண்டு நின்றால் மீண்டும் ஒருமுறை வேகவைக்கவேண்டும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது, ஏனெனில் காரம் புரத இழையை அரிக்கும். மென்மையான சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அலசினால் போதும். கம்பளியைச் சுடுநீரிலிருந்து நேராகக் குளிர்நீருக்கு மாற்றினாலோ, வெந்நீரில் கசக்கினாலோ இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம்போல் இறுகிவிடும். ஆதலால் வெப்பத்தை மெல்ல ஏற்றி, பாத்திரத்திலேயே மெல்ல ஆறவிடவேண்டும்.

நிறமூன்றி இடுதல்

பெரும்பாலான தாவரச் சாயங்கள் தாமாக இழையைப் பற்றுவதில்லை. இழையையும் சாயத்தையும் இருபுறமும் பற்றிக்கொண்டு, கரையாத சேர்மமாக ஆக்கும் உலோக உப்பே நிறமூன்றி எனப்படும். வீட்டில் பயன்படுத்தத் தக்க ஊன்றிகள் இரண்டு: அலுமினியத்தைத் தரும் படிகாரம், இரும்பைத் தரும் அன்னபேதி. பழைய குறிப்புகளில் காணப்படும் குரோமியம், செம்பு, வெள்ளீய உப்புகள் நஞ்சானவை. அவற்றைத் தவிர்ப்பதால் நிற வகைகளில் பெரிய இழப்பு ஏதுமில்லை.

கம்பளிக்கு 100 கிராமுக்கு 12 கிராம் படிகாரத்தைக் கரைத்து, ஒரு மணி நேரத்தில் 80 டிகிரிக்கு ஏற்றி, மேலும் ஒரு மணி நேரம் வைத்து, அதே நீரில் ஆறவிடவேண்டும். பட்டுக்கு அதே அளவு போதும். ஆனால் சூடாக்காமல் ஓரிரவு ஊறவைப்பது அதன் பளபளப்பைக் காக்கும்.

பருத்தி படிகாரத்தை எளிதில் ஏற்பதில்லை. எனவே அதற்கு முதலில் துவர்ப்புப் பொருள் ஏற்றவேண்டும். தென்னாட்டுச் சாயக்காரர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்தது கடுக்காய். கொட்டையை நீக்கி இடித்த பொடி 20 கிராமை 3 லிட்டர் வெந்நீரில் கரைத்து, 100 கிராம் துணியைச் சில மணி நேரம் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்தினால் துணி இளமஞ்சள் நிறம் பெறும். துவர்ப்பு ஏறியதா என்பதை அறிய, துணியின் ஓரத்தில் அன்னபேதிக் கரைசல் ஒரு துளி வைத்துப் பார்க்கலாம்; துளி பட்ட இடம் அக்கணமே கருத்தால் துவர்ப்பு நன்றாக ஏறியிருக்கிறது. கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில், துணிக்கு வண்ணம் தீட்டுவோர் கடுக்காயுடன் எருமைப்பாலையும் சேர்ப்பதை விவரித்துள்ளார். பாலில் உள்ள கொழுப்பு, தூரிகையால் வரைந்த ஊன்றி கோட்டைத் தாண்டிப் பரவாமல் தடுத்தது. ஒரே நிறத்தில் முக்கி எடுக்கும் துணிக்குப் பால் தேவையில்லை.

கடுக்காய் ஏறிய துணிக்கு அடுத்தது படிகாரம். 15 கிராம் படிகாரத்தை வெந்நீரிலும், 2 கிராம் சோடா சாம்பலைத் தனியே சிறிது நீரிலும் கரைத்து, பின்னதை முன்னதில் சிறிது சிறிதாக ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். பொங்கல் அடங்கியபின் நீரைக் கூட்டித் துணியை இட்டு, அவ்வப்போது புரட்டிவிட்டு ஓரிரவு வைக்கவேண்டும். சோடா படிகாரத்தின் அமிலத்தன்மையைத் தணிப்பதால் அலுமினியம் பருத்தியில் தங்குவது எளிதாகிறது. மிஞ்சிய ஊன்றி நீரைக் கொட்டிவிடாமல், பாதியளவு படிகாரம் சேர்த்து மறுமுறையும் பயன்படுத்தலாம்.

அன்னபேதி நிறத்தைக் கருக்கும் ஊன்றி. 100 கிராமுக்கு ஒன்று அல்லது இரண்டு கிராமுக்கு மேற்பட்டால் இழை நாளடைவில் நைந்துபோகும். பட்டும் கம்பளியும் விரைவில் நையும். ஆகவே சாயமேற்றிய துணியைத் தனிப் பாத்திரத்தில் சில நிமிடங்கள் மட்டும் இதில் முக்கி எடுத்து நன்கு அலசவேண்டும்.

தாவரச் சாயங்கள்

தொடக்கத்துக்கு மூன்று பொருள்கள் போதுமானவை. உலர்ந்த மாதுளைத் தோல் 50 கிராம், 100 கிராம் துணிக்கு, பழுப்பு கலந்த மஞ்சளைத் தரும்; அதிலேயே துவர்ப்பு மிகுந்திருப்பதால் நிறம் நன்கு நிலைக்கும். செண்டுமல்லியின் உலர்ந்த இதழ்கள் துணி எடைக்குச் சமமாக இட்டால் பளிச்சென்ற மஞ்சள் கிடைக்கும். மஞ்சிட்டி வேர்ப்பொடி துணி எடைக்குச் சமமாக இட்டால் செங்கல் சிவப்பு வரும்.

தோலும் இதழும் என்றால் முந்தின இரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து, துணியில் வடிகட்டவேண்டும். வடித்த நீர் ஆறியபின், ஏற்கெனவே நனைத்துப் பிழிந்த துணியை அதில் இட்டு, மெல்ல 80 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்து, அதிலேயே ஆறவிடவேண்டும். உலர்ந்த துணியை நேராகச் சாயநீரில் இடுவதும், கொதிக்கும் சாயநீரில் இடுவதும் திட்டு விழுவதற்கான முதன்மைக் காரணங்கள். மஞ்சிட்டியைக் கொதிக்கவிடாமல் 70 டிகிரி அளவில் பொறுமையாக வைத்தால் சிவப்பு துலங்கும்; வெப்பம் மிகுந்தால் பழுப்பு மேலோங்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்றுநீர் இந்தச் சிவப்புக்குத் துணைசெய்யும் என்பதால், மழைநீர் பயன்படுத்துவோர் ஒரு சிட்டிகை சுண்ணக்கட்டித் தூள் சேர்க்கலாம். முதல் துணியை எடுத்தபின் எஞ்சும் சாயநீரில் இரண்டாவது துணி இளஞ்சிவப்பாக வரும். இவ்வாறு பெற்ற நிறங்களை அன்னபேதியில் முக்கினால் செண்டுமல்லி மஞ்சள் பாசிப்பச்சையாகவும், மாதுளை மஞ்சள் சாம்பல் படர்ந்த பச்சையாகவும், மஞ்சிட்டிச் சிவப்பு கருஞ்சிவப்பாகவும் மாறும்.

கண்ணைக் கவரும் எல்லாச் சாறும் சாயமாகிவிடாது. பீட்ரூட், செம்பருத்தி, நாவல் ஆகியவற்றின் நிறம் சில சலவைகளிலோ சில நாள் வெளிச்சத்திலோ மறையும். மஞ்சள் கிழங்கு ஊன்றியின்றியே பருத்தியைப் பற்றும். ஆனால் வெயிலில் வெளுக்கும், சோப்பின் காரம் பட்டால் சிவக்கும்.

அவுரி நீலம்

அவுரி மற்றத் தாவரச் சாயங்களிலிருந்து முற்றிலும் வேறானது. அதற்கு ஊன்றி தேவையில்லை. ஆனால் நீலப்பொடி நீரில் கரையவே கரையாது. காரநீரில், ஆக்சிஜனை நீக்கும் பொருள் ஒன்றின் உதவியுடன் அது மஞ்சள்பச்சையான கரையும் வடிவத்துக்கு மாறி இழைக்குள் புகுகிறது. வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மீண்டும் கரையாத நீலமாகி, இழைக்குள்ளேயே சிறைப்படுகிறது. மரபுத் தொட்டிகளில் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து, பல நாள் புளிக்கவிட்டு இம்மாற்றத்தைப் பெற்றனர். வீட்டுக்கு ஏற்றது, நீலம் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரு பங்கு, பழச்சர்க்கரையாகிய ஃபிரக்டோஸ் மூன்று பங்கு என்ற எடைக் கணக்கில் அமைந்த தொட்டி.

5 லிட்டர் தொட்டிக்கு 20 கிராம் நீலப்பொடியைச் சிறிது வெந்நீருடன் கூழாங்கற்கள் இட்ட புட்டியில் அடைத்து, கட்டியின்றிக் குழையும்வரை குலுக்கவேண்டும். வெந்நீரில் 60 கிராம் ஃபிரக்டோஸைக் கரைத்து, நீலக்குழம்பை ஊற்றி, 40 கிராம் சுண்ணாம்பை மெல்லத் தூவிக் கலக்கி, ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் மூடிவைத்தால், ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ கழித்துத் தொட்டி ஆயத்தமாகும். மேற்பரப்பில் செம்பு மின்னும் ஆடையும், நடுவே நீல நுரையும், அடியில் தேன்நிறமோ மஞ்சள்பச்சையோ கொண்ட தெளிந்த நீரும் இருப்பதே அதற்கு அடையாளம். ஆடைக்குக் கீழும் நீர் நீலமாகவே இருந்தால் மாற்றம் முடியவில்லை என்று பொருள். சிறிது ஃபிரக்டோஸ் சேர்த்து, சூடேற்றிக் காத்திருக்கவேண்டும்.

நனைத்துப் பிழிந்த துணியை அடியிலுள்ள சுண்ணாம்பு வண்டல் படாமலும், குமிழி எழாமலும் மெல்ல இறக்கி, சில நிமிடம் நீருக்குள்ளேயே அசைத்து, நீர் மட்டத்திலேயே பிழிந்து எடுக்கவேண்டும். உயரத் தூக்கிச் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் தொட்டிக்குள் காற்றைக் கொண்டுசெல்லும். எடுத்த கணத்தில் துணி இலைப்பச்சையாக இருக்கும். மடிப்புகளின் விளிம்பில் தொடங்கி நீலம் பரவி, சிறிது நேரத்தில் முழுத்துணியையும் சூழும். கால் மணி நேரம் காற்றாடவிட்டு மறுபடி முக்கவேண்டும். ஒரே முறை நெடுநேரம் ஊறவைத்துப் பெறும் நீலம் மேலோட்டமாகப் படிந்து கையில் ஒட்டும். குறுகிய நேரம் பலமுறை முக்கிப் பெறும் நீலமே நிலைக்கும். இறுதியில் சிறிது வினிகர் கலந்த நீரில் அலசினால் எஞ்சிய சுண்ணாம்பு நீங்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைத் தவறாமல் செய்யவேண்டும். செண்டுமல்லி மஞ்சளை நீலத்தின்மேல் ஏற்றினால் பச்சையும், மஞ்சிட்டியை ஏற்றினால் கத்தரிப்பூ நிறமும் கிடைக்கும்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம்

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1954இல் ராட்டீ, ஸ்டீபன் ஆகிய வேதியியலர்கள் கண்டறிந்து, 1956இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் செல்லுலோஸ் இழையுடன் நேரடி வேதிப்பிணைப்பை உண்டாக்குவன. ஊன்றியும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம் என்பதால், குளிர்நீரில் ஏறும் வகை வீட்டுக்கு மிகவும் ஏற்றது.

100 கிராம் பருத்திக்கு 2 லிட்டர் நீரும் 100 கிராம் உப்பும் 20 கிராம் சோடா சாம்பலும் வேண்டும். சாயம் நடுத்தர நிறத்துக்கு 2 கிராம், அடர்நிறத்துக்கு 4 கிராம், கறுப்புக்கு அதைவிடக் கூடுதல். உப்பையும் சாயத்தையும் கரைத்த வெதுவெதுப்பான நீரில் துணியை இட்டு 20 நிமிடம் புரட்டவேண்டும். பின்னர் துணியை ஒருபுறம் ஒதுக்கி, தனியே கரைத்த சோடாவை ஊற்றிக் கலந்து, மீண்டும் துணியை விரித்து ஒரு மணி நேரம் புரட்டவேண்டும். உப்பு சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளுகிறது. பிணைப்பை உண்டாக்குவது சோடாவின் காரமே. படிகமாக விற்கப்படும் சலவைச் சோடாவில் நீர் கலந்திருப்பதால், அதைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 54 கிராம் தேவைப்படும். சமையல் சோடாவின் காரம் இதற்குப் போதாது.

சோடா கலந்தபின் சாயம் நீருடனும் வினைபுரிந்து சில மணி நேரத்தில் பிணைக்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், எஞ்சிய சாயநீரைச் சேமித்துவைப்பதில் பயனில்லை. இவ்வாறு வீணான சாயம் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும். அதுவே பின்னர் சலவையில் வெளியேறுவது. ஆகையால் முதலில் குளிர்நீரில் உப்பும் சோடாவும் போகும்வரை அலசி, அதன்பின் கொதிநிலைக்கு அருகிலுள்ள சோப்புநீரில் கால் மணி நேரம் வைத்து, நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யவேண்டும்.

கடையில் வாங்கிய துணியில் சாயம் போனால் உப்புநீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் நிறம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை வீடுகளில் பரவலாக உள்ளது. உப்பு இருக்கும்வரை சாயம் நீருக்குள் இறங்கத் தயங்கும் என்பது உண்மையே. ஆயினும் உப்பு புதிய பிணைப்பு எதையும் உண்டாக்காததால், அடுத்த வெறும்நீர்ச் சலவையில் சாயம் மீண்டும் வெளியேறும். அத்துணிக்கு வேண்டியது, மிகுதிச் சாயத்தை முழுவதும் அலசி நீக்குவதே.

பட்டுக்கும் கம்பளிக்கும் அமிலச் சாயம்

புரத இழைகளுக்கு உரியவை அமிலச் சாயங்கள். இவற்றுக்குத் தேவையான அமிலம் வீட்டு வினிகரே. 100 கிராம் இழைக்கு ஒன்று முதல் 2 கிராம் சாயத்தை 3 லிட்டர் நீரில் கரைத்து, நனைத்த இழையை இட்டு மெல்லச் சூடேற்றி, நடுவில் 40 மில்லிலிட்டர் வினிகரைச் சேர்த்து, 85 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கவேண்டும். அளவு சரியாக இருந்தால் சாயம் முழுவதும் இழைக்குச் சென்று, பாத்திரத்து நீர் ஏறத்தாழ நிறமற்றதாகிவிடும். நீரில் நிறம் எஞ்சினால் இன்னும் சிறிது வினிகரும் நேரமும் தரவேண்டும்.

எந்த வகைச் சாயம் என்று குறிப்பிடாமல் விற்கப்படும் உதிரிப்பொடிகளை வாங்காமலிருப்பது நல்லது. சில அசோ சாயங்கள் சிதைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளிவிடுவதால் ஜெர்மனி 1994இலும், அதனைத் தொடர்ந்து இந்தியாவும் அவற்றைத் தடைசெய்தன. பெயரும் வகையும் அச்சிட்ட உறை, பாதுகாப்புக்கும் சரியான முறைத் தேர்வுக்கும் முதல் தேவையாகும்.

சோதனையும் கழிவுநீரும்

சாயமேற்றிய துணியில் ஒரு துண்டை வெள்ளைப் பருத்தியுடன் சேர்த்துத் தைத்து, சோப்புநீரில் துவைத்து உலர்த்தினால் வெள்ளையில் கறை ஏறுகிறதா என்பது தெரியும். இன்னொரு துண்டின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு வாரம் வைத்து, அட்டையை எடுத்து இரு பாதிகளையும் ஒப்பிட்டால் ஒளியைத் தாங்கும் திறன் புலப்படும். இவ்விரண்டிலும் தேறாத நிறத்தை அணியும் துணிக்குப் பயன்படுத்தாமல், வெயிலும் சலவையும் அரிதாகப் படும் பொருள்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கழிவுநீரைப் பொறுத்தவரை நிறத்தைவிட உப்பே பெரிய சிக்கல். நொய்யல் ஆற்றைக் கெடுத்த கழிவுநீரை முன்னிட்டு 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்கழிவுநீரில் நிறத்தோடு பெருமளவு கரைந்திருந்தது பருத்திச் சாயமேற்றலுக்குப் பயன்படுத்தும் உப்பே. வீட்டு வாளியிலும் அதே உப்பும் அதே சோடாவும் இருப்பதால், ரியாக்டிவ் சாயநீரைச் செடிக்கோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல், வினிகரால் காரத்தைத் தணித்து, நிறைய நீர் கலந்து, கழிவுநீர்க் குழாயில் விடவேண்டும். தாவரச் சாய நீரும் ஊன்றி கலந்திருந்தால் அவ்வாறே. வடித்த தோலும் இதழும் மட்டும் உரக்குழிக்குச் செல்லலாம்.

புதிதாகத் தொடங்குவோர் முழுச்சேலையையோ ஒரு கிலோ நூலையோ எடுக்காமல், 100 கிராம் பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துணியைக் கடுக்காயும் படிகாரமும் ஏற்றி, நான்கு துண்டுகளாக்கி, மாதுளை, செண்டுமல்லி, மஞ்சிட்டி ஆகியவற்றில் ஒவ்வொன்றை முக்கி, நான்காவதை வெறுமனே விட்டு ஒப்பிடுவது சிறந்த பயிற்சியாகும். ஒவ்வொரு துண்டின் ஒரு மூலையை அன்னபேதியில் நனைத்தால் ஒரே வேட்டியிலிருந்து எட்டு நிறங்கள் கிடைக்கும். துண்டுகளை ஒரு குறிப்பேட்டில் ஒட்டி, இழை, எடை, ஊன்றி, சாய அளவு, நீரின் தன்மை, வெப்பம், நேரம் ஆகியவற்றை அருகில் எழுதிவைத்தால், விரும்பிய நிறத்தை அடுத்த முறையும் பெறுவதற்கான கணக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.